குடியை நிறுத்த நினைக்கும் ஆழ்வார்திருநகரிக்காரர் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவார்?

ஆழ்வார்திருநகரி பக்கம் குடிக்க இடம் தேடுகிறவருக்கு செல்போன் தேவையில்லை. யாரிடமும் வழி கேட்கவும் வேண்டாம். குடியை விடுவதற்கு இடம் தேடுகிறவர் பாடுதான் திண்டாட்டம். போனில் தேடினால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பவை தனியார் போதை மீட்பு மையங்களின் விளம்பரங்கள். 'வீட்டுக்கே வந்து அழைத்துச் செல்வோம்', 'நோயாளிக்குத் தெரியாமலேயே மருந்து' என்று ஆளை மிரட்டும் வாசகங்கள். அவர் தேடியது இது இல்லை. தன்னைப் போலக் குடித்து, தன்னைப் போலக் கெட்டு, எப்படியோ இப்போது குடிக்காமல் இருக்கிற நாலு பேர் உட்கார்ந்து பேசும் இடம். காசு வாங்காத, பூட்டி வைக்காத இடம்.

அப்படி ஒன்று இருக்கிறது. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்று பெயர், புழக்கத்தில் ஏ.ஏ. அடையாளம் சொல்லாமல் கூடுகிற குடிநோயாளிகள் என்று பொருள் கொள்ளலாம். இந்தியாவுக்கு இது 1957-ல் வந்துவிட்டது. அறுபது எழுபது வருடமாக இருக்கும் ஒரு விஷயம் தாமிரபரணிக் கரையில் இத்தனை பேருக்குத் தெரியாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அது தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று தனக்கே விதி போட்டுக்கொண்டது. இன்னொரு காரணம், தெரிந்தவர்கள் யாரும் வெளியே சொல்வதில்லை.

கூட்டம்னா என்ன கூட்டம்?

பள்ளிக்கூட அறை, சர்ச் வளாகத்தில் ஒரு ஹால், ஆஸ்பத்திரியில் ஒரு மூலை என்று எங்காவது பத்துப் பதினைந்து நாற்காலி. ஒருவர் நடத்துவார். அவர் தலைவர் இல்லை, அன்றைக்கு அவர் முறை, அவ்வளவுதான். கொஞ்சம் வாசிப்பு. பிறகு ஒவ்வொருவராக, 'என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். நடுவில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. அறிவுரை கிடையாது. 'உனக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது' கிடையாது. பேச விருப்பமில்லாதவர் கேட்டுவிட்டுப் போகலாம். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். டீ உண்டு.

சேர ஒரே தகுதி: குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்கவேண்டும் என்றுகூட இல்லை. கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, ஆதார் அட்டை இல்லை. ஒரு பை சுற்றி வரும். முடிந்தவர்கள் பத்து, இருபது போடுவார்கள். அறை வாடகையும் டீச் செலவும் அதிலிருந்துதான். வெளியாள் நன்கொடை கொடுக்க வந்தால் வாங்க மாட்டார்கள். கட்சி, மதம், அரசு யாரோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கேட்பதற்கு இது ரொம்ப சாதாரணமாக இருக்கும். பேசினால் குடி விட்டுப்போகுமா என்று தோன்றுவதும் நியாயம்தான். இதற்குப் பதில் ஆராய்ச்சியிலிருந்தும் சொல்லலாம், இந்த வட்டாரத்து அனுபவத்திலிருந்தும் சொல்லலாம். ஆராய்ச்சி சுருக்கமானது. 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களோடு சேர்த்து அலசியது. ஏ.ஏ.வோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு கழித்து 42 சதவீதம் பேர் முழுக்கக் குடிக்காமல் இருந்தார்கள். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 சதவீதம். மந்திரக்கோல் இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்போதும் முழுதாக நிறுத்திவிடவில்லை. ஆனால் காசே வாங்காத ஒரு நாற்காலி வட்டம், சம்பளம் வாங்கும் நிபுணர்களின் முறைகளுக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ நிற்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

மாலை கழற்றிய மறுநாள்

இந்த வட்டார அனுபவம் இன்னும் சுவாரசியமானது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு மாலை போடாத தெரு தாமிரபரணிக் கீழ்ப்பகுதியில் குறைவு. 41 நாள், 21 நாள், 11 நாள் என்று விரதம். கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் மாலை. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் தனி. வருடம் முழுக்க விழுந்து கிடக்கும் ஆள், மாலை கழுத்தில் ஏறிய நாளிலிருந்து சொட்டு தொடமாட்டார். ஊரே பார்த்து ஆச்சரியப்படும். வீட்டில் அந்த நாற்பது நாள்தான் தீபாவளி. அதன் பிறகு மாலையைக் கழற்றுவார்கள். அன்றைக்கோ மறுநாளோ பழைய குருடி கதவைத் திறடி.

'பக்தி போதவில்லை' என்று இதற்குச் சுலபமாக ஒரு விளக்கம் சொல்லிவிடுவார்கள். உண்மையில் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. அவரால் 41 நாள் குடிக்காமல் இருக்க முடிகிறது என்பது முதலில் நிரூபணமாகிவிட்டது. எது அவரை நிறுத்தி வைத்தது? அம்மன் மேல் உள்ள பயம் ஒரு பகுதி. இன்னொரு பகுதி, தசரா குழு. காலையில் குளியல், சாயங்காலம் குழுவோடு பஜனையோ வேஷ வசூலோ, கூடச் சுற்றுகிறவர்கள் எல்லோரும் அதே விரதத்தில். 'ஏல மக்கா' என்று கூப்பிடுகிற கூட்டாளிகள்கூட 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள். குவார்ட்டர் பங்குபோட யாரும் வந்து தோளில் கைபோடுவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போக ஓர் இடம் இருக்கிறது, அங்கே இவரை எதிர்பார்க்கிறார்கள்.

மாலை கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் கலைந்துவிடுகிறது. குழு அடுத்த தசராவுக்குத்தான் கூடும். ஆறு மணி மட்டும் அதேபோல வரும்.

விரதத்துக்கு முடிவு தேதி உண்டு. அந்தத் தேதியை மனசு முதல் நாளிலிருந்தே எண்ணிக்கொண்டிருக்கும். ஏ.ஏ.யில் முடிவு தேதியே கிடையாது, அதே சமயம் 'இனி வாழ்நாள் பூரா தொடமாட்டேன்' என்ற சத்தியமும் கிடையாது. இன்னைக்கு மட்டும். இன்னைக்கு 24 மணி நேரம் குடிக்காமல் இருப்பது, நாளைக் கதையை நாளைக்குப் பார்ப்பது. மகன் தலையில் அடித்து, கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியங்கள் எத்தனை உடைந்தன என்று தெரிந்த வீடுகளுக்கு இந்தக் கணக்கின் அருமை புரியும். மாலை போட்டு நிறுத்துகிறவர்களை ஏ.ஏ. கேலி செய்வதில்லை. 42-வது நாளுக்கு ஒரு குழு வேண்டும் என்கிறது, அவ்வளவே.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச்சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். உதவி எண்ணும் அதிலேயே கிடைக்கும். தேடும்போது 'ஆழ்வார்திருநகரி' என்று மட்டும் தட்டினால் ஒன்றும் வராமல் போகலாம். பாளையங்கோட்டை, திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று வட்டத்தைப் பெரிதாக்கித் தேட வேண்டும். போகும் முன்பு போன் செய்து கேட்டுவிடுவது முக்கியம். கூட்டம் இடம் மாறியிருக்கும், கிழமை மாறியிருக்கும். தளத்தில் பழைய விவரமே கிடக்கும். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு பஸ் ஏறிப்போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர், வழியில் எங்கே இறங்குவார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இணையதளம் கைகொடுக்காவிட்டால் மூன்று அரசு எண்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் 14416. இதில் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. மூன்றிலும் பேரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. இன்னொரு வழி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் ஒன்று, தூத்துக்குடியில் ஒன்று. அங்குள்ள செவிலியர்களிடமும் சமூகப் பணியாளர்களிடமும் 'ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்குது?' என்று நேராகக் கேட்டுவிடலாம். டாக்டரைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்க வாய்ப்புண்டு.

பக்கத்து ஊர் என்பது இதில் ஒரு வசதியும்கூட. சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 'உள்ளே போனா நம்ம தெரு அண்ணாச்சி உக்காந்திருந்தா என்ன செய்ய?' என்பதுதான் பலருக்கு முதல் பயம். டாஸ்மாக் வாசலில் பட்டப்பகலில் வரிசையில் நிற்கும்போது வராத கூச்சம், குடியை விடப் போகும்போது வருகிறது. வேடிக்கைதான், ஆனால் உண்மை. அந்தக் கூச்சம் உள்ளவர் திருச்செந்தூர் - நெல்லை ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறி, சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் பாளையங்கோட்டைக்குப் போகலாம். அங்கே யாருக்கும் இவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. அப்படியும் தெரிந்த அண்ணாச்சி உட்கார்ந்திருந்தால், அவரும் அதே காரணத்துக்குத்தான் வந்திருக்கிறார். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது கூட்டத்தின் முதல் மரியாதை.

ஆனால் வாரம் ஒரு முறை பஸ் ஏறிப்போவது ஆரம்பத்தில் போதாது. ஏ.ஏ.யில் புதிதாக வருகிறவருக்குச் சொல்லும் பேச்சே '90 நாளில் 90 கூட்டம்'. சென்னையில் அது நடக்கும். ஆற்றங்கரை ஊரில் தினமும் அறுபது கிலோமீட்டர் போய்வர, கூலி வேலை பார்க்கிறவரால் ஆகாது. இங்கேதான் போன் உதவுகிறது. கொரோனா காலத்தில் நேரில் கூட முடியாமல் போனபோது ஜூம் கூட்டங்கள் பெருகின, தமிழிலும்தான். நேரில் ஒரு நாள், மற்ற நாட்களில் போனில் என்று கலந்துகொள்வது இந்தப் பகுதிக்கு நடைமுறையில் ஒத்துவரும். போன் மட்டுமே போதும் என்று நிறுத்திக்கொள்வது அவ்வளவு நல்லதில்லை. தோளைத் தட்டி 'அடுத்த வாரம் வாங்க அண்ணாச்சி' என்று சொல்ல ஒரு கை வேண்டியிருக்கிறது.

முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கூட்டம்

இதைப் படித்ததும் இன்றைக்கே நிறுத்திவிடலாம் என்று இறங்குவதில் ஓர் ஆபத்து உண்டு. வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆள் தெரியும், இல்லாத குரல் கேட்கும். இதற்கு 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்று பெயர். சிகிச்சை தராவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதைப் பேய் என்றோ சாமி குற்றம் என்றோ எடுத்துக்கொண்டு திருநீறு பூசிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். காலையில் கண் விழித்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் உள்ளவர், ஏற்கெனவே ஒருமுறை வலிப்பு வந்தவர், இவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே நிறுத்த வேண்டும். அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கிடையாது. 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களையும் தொடங்கியிருக்கிறது.

சாப்பாட்டில் கலந்துகொடுக்கும் பொடி, மாத்திரை விவகாரம் இன்னொன்று. டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் உடம்பு தாறுமாறாகிவிடும். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் எடுத்தால் சிலருக்கு உதவும். தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்தால், அந்த ஆள் வழக்கம்போல் குடித்துவிட்டுச் செத்தே போகலாம். பாவம், கலந்து கொடுப்பவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. 'நோயாளிக்குத் தெரியாமலேயே' என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

தனியார் மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அது கட்டாயம். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இடத்தில் ஆளை விட்டுவிட்டு வரக் கூடாது.

ரெண்டு பேர் போதும்

ஏ.ஏ. தொடங்கிய கதை இங்கே சொல்லத் தகுந்தது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரன் நகரம். பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் ஒரு ஹோட்டல் முகப்பில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. வந்த வியாபாரம் படுத்துவிட்டது. முகப்பின் ஒரு கோடியில் மதுக்கூடம், சத்தமும் சிரிப்புமாக. இன்னொரு பக்கம் தொலைபேசியும் உள்ளூர்த் தேவாலயங்களின் பட்டியலும். அவர் போன் பக்கம் போனார். 'பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும்' என்று தேடி, கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார். கால் மணி நேரம் மட்டும் பேசுவதாக ஒப்புக்கொண்ட டாக்டர் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10, ஏ.ஏ. தொடங்கிய நாளாகக் கொண்டாடப்படுகிறது.

முதல் கூட்டத்தில் இருந்தது இரண்டே பேர். இன்றும் ஏ.ஏ. மரபுப்படி இரண்டு மூன்று குடிநோயாளிகள் குடியிலிருந்து மீள்வதற்காகக் கூடினால் அது ஒரு குழு. உரிமம் வாங்க வேண்டாம். நம்மாழ்வார் புளிய மரத்தடியில் பதினாறு ஆண்டு வாய் திறக்காமல் இருந்தார், மதுரகவி தேடி வந்து கேட்ட பிறகே பேசினார் என்று சொல்லும் ஊருக்கு, சரியான ஆள் வந்து உட்கார்ந்தால்தான் பேச்சு வரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டைக்கு ஆறு மாதம் போய்வந்த ஒருவரும், பக்கத்தில் நாசரேத்திலிருந்து போகிற இன்னொருவரும் சேர்ந்தால் ஆழ்வார்திருநகரியில் ஒரு கூட்டம் தொடங்கிவிடலாம். தேவை ஓர் அறை.

அந்த அறை விஷயத்தில்தான் அரசு கொஞ்சம் நகர வேண்டும். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெறுகிறார். மறுபக்கம், 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தானே நடத்தும் தமிழக அரசுக்கு, 2024-25-ல் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். முழு மதுவிலக்கு வேண்டுமா, கடைகளைக் குறைப்பதா என்ற விவாதம் ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து போகும். அது முடியும் வரை ஒருவருடைய கல்லீரல் காத்திருக்காது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கடை வாசலில் மது கேடு என்று எழுதியிருக்கிற பலகையில், அதே அளவு எழுத்தில் 14446 இருக்கட்டும். கேடு என்று தெரியாமல் யாரும் அங்கே நிற்கவில்லை. வெளியே வர வழிதான் தெரியவில்லை. போதை மீட்புச் சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆகிறவர் கையில், மாத்திரைச் சீட்டோடு பக்கத்துக் கூட்டத்தின் கிழமையும் நேரமும் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கட்டும். சாயங்காலம் பூட்டிக்கிடக்கும் அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பறையை வாரம் ஒரு நாள் சிறு வாடகைக்குத் திறந்துவிடட்டும். அதற்கு மேல் செய்யாமல் இருப்பதே நல்லது. அதிகாரி வந்து, பேனர் கட்டி, பயனாளி பட்டியல் எடுத்து, போட்டோ பிடித்தால் அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார்.

அரசே இதைச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். சென்னைக்கு வர முடியாதவர்களுக்காகத் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் அந்த மருத்துவமனை முகாம் நடத்தியது. சிகிச்சையை ஊருக்குக் கொண்டுபோனால், முடிந்து திரும்புகிறவர் ஊருக்கு அந்நியமாவதில்லை.

கடவுளை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளில் வரும் இறைவன் பேச்சு உறுத்தலாம். 'அவரவர் புரிந்துகொண்டபடி' என்று அங்கேயே சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். குழுவையே அந்தச் சக்தியாக வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படியும் ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவரும் மருந்தும் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்பதில்லை.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு

இதைச் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் அப்பாவுக்காகவோ அண்ணனுக்காகவோ படிக்கிறவர்கள் நிறைய இருப்பார்கள். கட்டிப்போட்டுக் கூட்டத்துக்கு அழைத்துப்போக முடியாது. முகவரியையும் நேரத்தையும் தயாராக வைத்துக்கொண்டு, அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலைப் பொழுதில், 'ஒரு தடவை போய்ட்டு வருவோமாப்பா, நானும் கூட வாரேன்' என்று கேட்கலாம். குடும்பத்தாரும் உட்காரக்கூடிய திறந்த கூட்டம் எது என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. முதல் தடவை 'போலே வேலையப் பாத்துக்கிட்டு' என்றுதான் பதில் வரும். மூன்று மாதம் கழித்து ஒரு சண்டைக்குப் பிறகோ ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தோ அவராகவே அந்த முகவரியைக் கேட்கக்கூடும்.

அவர் போகாவிட்டாலும் அம்மா போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951-ல் தொடங்கிய 'அல்-அனான்' என்று தனி அமைப்பு உண்டு. வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கு 'அலட்டீன்'. பாட்டிலை ஒளித்துவைப்பது, கடனை அடைப்பது, வேலைக்கு வராததற்கு முதலாளியிடம் பொய் சொல்வது என்று தன் வாழ்க்கையையே அவர் குடியைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, அதே பாடு பட்ட இன்னொரு பெண்ணோடு பேசுவது பெரிய இளைப்பாறல். குடிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். ஆண்கள் மட்டும் நிறைந்த அறைக்குள் நுழையத் தயங்கும் அவர்களுக்கு, தொடக்கத்தில் இணையவழிப் பெண்கள் கூட்டம்தான் எளிது. பேர் எதையாவது போட்டுக்கொள்ளலாம். கேமராவை அணைத்து, மைக்கையும் அணைத்து, இயர்போன் மாட்டிக்கொண்டு மாடியில் உட்கார்ந்து முதல் சில நாள் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.